எள்ளும் நீரும் தருவதற்கு ஒருவர்
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் அனுமன் சிரஞ்சீவி, அதாவது சாவின்றி நெடுங்காலம் வாழ்பவர், என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கொழும்பின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. இம்முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

ஏழு சிரஞ்சீவிகள் என்று வகுப்பில் எழுதித் தந்தார்கள். எங்கள் கோயில் குருக்களோ எட்டுப் பேர் என்கிறார். பரீட்சையில் எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

இரண்டும் சரிதான், மகள். "அச்வத்தாமா பலிர் வியாஸோ ஹனூமாம்ச்ச விபீஷண: கிருப: பரசுராமச்ச" என்று சுலோகம் ஏழு பேரைச் சொல்லி முடிக்கிறது. அடுத்த அடி மார்க்கண்டேயரை எட்டாமவராகச் சேர்த்து, இவர்களை நாள்தோறும் நினைப்பவர் நூறாண்டு வாழ்வார் என்கிறது. ஏழு பேரை எழுதி, மார்க்கண்டேயரோடு எட்டு என்றும் கூறுவர் எனச் சேர்த்துவிடுங்கள். புள்ளி குறையாது.

பெயர்களை மனப்பாடம் செய்யும்போது கிருபரை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். நான் இந்து நாகரிகம் படிப்பித்த காலத்தில் மாணவர்கள் எப்போதும் மறப்பது இவர் பெயரைத்தான். நாணற் புதரில் கிடந்த இரட்டைக் குழந்தைகளைச் சந்தனு மன்னன் எடுத்து வளர்த்தான். ஒன்று கிருபர், மற்றது கிருபி. கிருபி துரோணரின் மனைவியானாள். அவள் மகன் அசுவத்தாமன். ஆக, சுலோகத்தில் தாய்மாமனும் மருமகனும் இருக்கிறார்கள். பாரதப் போரின் கடைசி இரவில், தூங்குகிறவர்களைக் கொல்வது அதருமம் என்று மருமகனிடம் வாதாடியவர் கிருபர். அவன் கேட்கவில்லை. அவனைத் தனியே போகவிட மனமில்லாமல் இவரும் கூடப் போய், பாசறை வாயிலில் நின்று, தப்பி ஓடி வந்தவர்களை வெட்டினார். அன்றிரவுக்குப் பின் அதே அசுவத்தாமன் கருவிலேயே கொல்ல முயன்ற பிள்ளை பரீட்சித்து. அந்தப் பிள்ளை வளர்ந்தபோது வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? இந்தக் கிருபர்தான். அழிக்கப்பட்ட குலத்தில் மிஞ்சிய ஒரே பிள்ளைக்கு, அழிவுக்குத் துணை நின்றவரே குரு. அவர் உயிரோடு இருந்தது எதற்காக என்பதை இதிலிருந்தே நான் விளங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. இவர்கள் ஒருபோதும் முடிவே இல்லாதவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் காலக்கெடு இருக்கிறது, அடுத்த பணியும் இருக்கிறது. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெரும் காலப்பகுதிக்கும் ஒரு மனு தலைவர். அடுத்த மனுவான சாவர்ணியின் காலத்தில், இப்போது சுதலம் என்ற கீழுலகில் இருக்கும் மகாபலிதான் இந்திரன். அப்போதைய ஏழு முனிவர்களில் பரசுராமர், வியாசர், கிருபர், அசுவத்தாமன் ஆகிய நால்வரும் இருப்பார்கள்.

பேத்தியின் பிறந்தநாளன்று என் மாமியார் இந்தச் சுலோகத்தைச் சொல்லித்தான் பிள்ளைக்குப் பால் கொடுப்பார். தூங்கிய பிள்ளைகளைக் கொன்ற அசுவத்தாமன் பெயரை என் பிள்ளையின் தலைக்கு மேல் சொல்ல எனக்குக் கூசுகிறது. நான் அந்தப் பெயரை விட்டுவிடலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

உங்கள் கூச்சம் நியாயமானது, தங்கை. இந்தக் கேள்வியை நானும் நெடுநாள் சுமந்திருக்கிறேன்.

அவன் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் இரவில் வெட்டினான். திருஷ்டத்துய்மன் விழித்துக்கொண்டு, ஆயுதத்தாலாவது கொல், வீரருக்குரிய உலகம் கிடைக்கட்டும் என்று கெஞ்சியபோது, காலால் மிதித்தே கொன்றான். அத்தோடும் அடங்காமல் உத்தரையின் வயிற்றுக் கருவை நோக்கி அத்திரத்தை ஏவினான். அதன் பிறகுதான் கண்ணன் அவனுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கிறான், சாபமாக. நெற்றியில் பிறவியோடு இருந்த மணி போய்விட்டது. மூவாயிரம் ஆண்டுகள், சீழும் இரத்தமும் நாறும் உடலோடு, பேசுவதற்கு ஒருவருமில்லாமல், மனிதர் இல்லாத இடங்களில் அலைய வேண்டும் என்பது சாபம்.

மற்றவர்களுக்கு வரமாக வந்தது இவனுக்குத் தண்டனையாக வந்திருக்கிறது. பிறகு ஏன் ஒரே வரிசையில் வைத்தார்கள்? மேலே மாணவிக்குச் சொன்னதை மறுபடி பாருங்கள். அவன் அடுத்த மனுவின் காலத்தில் ஏழு முனிவரில் ஒருவன். கலியுகம் கி.மு. 3102இல் பிறந்தது என்பது மரபுக் கணக்கு. போர் அதற்குச் சற்று முந்தியது. அப்படியானால் அந்த மூவாயிரம் ஆண்டுகள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன. தண்டனை தீர்ந்த பிறகும் அவன் இருக்கிறான். எதற்கு? முனிவனாவதற்கு. சிசுக்கொலை செய்தவனை முனிவனாக மாற்ற எத்தனை காலம் வேண்டும் என்று நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள், அத்தனை காலத்தையும் கொடுத்திருக்கிறார்கள். கொன்றவனை மன்னித்துவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. திரௌபதிக்கு அவள் பிள்ளைகள் திரும்பக் கிடைக்கவுமில்லை.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் வாய் வராவிட்டால் நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் மாமியார் சொல்வதைத் தடுக்க வேண்டாம். எள்ளும் வெல்லமும் போட்ட அந்தப் பாலைக் குடிக்கிற பிள்ளை ஒருநாள், யார் அந்த அசுவத்தாமன் என்று கேட்பாள். அன்றைக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள்.

அயலிலுள்ள சிங்களக் குடும்பத்தோடு களனி விகாரைக்குப் போனேன். அங்கே விபீஷணனுக்குத் தேவாலயம் இருக்கிறது. மக்கள் பழத்தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். நம்மிடையே "விபீஷணன்" என்றால் காட்டிக்கொடுப்பவன் என்றல்லவா பொருள்? அவர்களுக்குக் காவல் தெய்வம், நமக்குத் துரோகியா?
– வங்கி அலுவலர், வத்தளை

பல ஆண்டுகளுக்கு முன் நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். திரைச்சீலைக்கு முன்னால் கப்புறாளை (தேவாலயப் பூசகர்) தட்டை வாங்கிக்கொண்டு, ஒரு தாயிடம் மகன் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சேர்த்து வேண்டுதலைப் பாட்டுப்போல் சொன்னார். அந்தத் தாய் தலையை நிமிர்த்தவே இல்லை. நம் கோயிலில் அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லி நிற்கும் தாய்மாருக்கும் அவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்த வழிபாடு பழையது. 15ஆம் நூற்றாண்டில், கோட்டை இராச்சியத்தை ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டபோது, தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் "செலலிஹினி சந்தேசய" என்ற தூது நூலைப் பாடினார். மைனா இனப் பறவை ஒன்று கோட்டையிலிருந்து களனிக்குத் தூது போகிறது. யாரிடம்? விபீஷணனிடம். என்ன கேட்க? அரசன் மகள் உலகுடைய தேவிக்கு ஒரு ஆண் குழந்தை வேண்டும் என்று கேட்க. விபீஷணன் இன்னும் இங்கே இருக்கிறான், கேட்டால் கேட்பான் என்ற நம்பிக்கையில் எழுந்த நூல் அது. இந்த நம்பிக்கைக்கு நம் பக்கத்திலும் வேர் இருக்கிறது. உத்தரகாண்டத்தில் இராமன் உலகைவிட்டுப் போகும்போது, மக்கள் உள்ளவரை, சந்திர சூரியர் உள்ளவரை, இலங்கையில் இரு என்றுதான் விபீஷணனிடம் சொல்கிறான்.

இனித் துரோகி என்ற பட்டத்துக்கு வருகிறேன். மூன்று சகோதரர்களும் தவம் செய்தார்கள். இராவணன் சாவாமை கேட்டான், பிரமன் முடியாது என்றான். பிறகு தேவர், அசுரர் என்று பட்டியல் போட்டு, மனிதரை அற்பமாக எண்ணி விட்டுவிட்டு வரம் வாங்கினான். கும்பகருணன் தூக்கத்தைக் கேட்டான். விபீஷணன் கேட்டது, எவ்வளவு பெரிய துன்பத்திலும் என் மனம் தருமத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே. அரக்கர் குலத்தில் பிறந்தும் உன் மனம் அதருமத்தில் போகவில்லையே என்று மகிழ்ந்த பிரமன், அவன் கேளாமலே சாவாமையையும் சேர்த்துக் கொடுத்தான். கேட்டவனுக்கு மறுக்கப்பட்டது கேளாதவனுக்குக் கிடைத்தது.

ஆனால் எனக்கு விபீஷணனைப் புரியவைத்தவன் கம்பனின் கும்பகருணன். போர்க்களத்தில் தம்பி வந்து, நீயும் இராமனிடம் வந்துவிடு என்று அழைக்கிறான். "நீர்க்கோல வாழ்வை நச்சி" நான் வரமாட்டேன், என்னை இவ்வளவு காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடாமல் போகமாட்டேன் என்கிறான். இந்த வரியை மேடைகளில் எல்லோரும் சொல்வார்கள். அதே படலத்தில் தம்பிக்கு அவன் சொல்லும் இன்னொரு பாட்டைச் சொல்பவர் குறைவு:

"ஐய! நீ அயோத்தி வேந்தற்கு அடைக்கலம் ஆகி ஆங்கே
உய்கிலை என்னின் மற்றிவ் வரக்கராய் உள்ளோர் எல்லாம்
எய்கணை மாரியாலே இறந்து பாழ்முழுதும் பட்டால்
கையினால் எள்நீர் நல்கிக் கடன்கழிப் பாரைக் காட்டாய்."

நீயும் பிழைக்காவிட்டால், அரக்கர் எல்லோரும் அம்பு மழையில் செத்துப் பாழாய்ப் போனபின், எள்ளும் நீரும் தந்து கடன் கழிக்க யார் இருக்கிறார்கள், காட்டு பார்க்கலாம் என்று கேட்கிறான். சாகப் போகிற அண்ணன், வாழப் போகிற தம்பியைத் துரோகி என்று திட்டவில்லை. நீ இருக்கத்தான் வேண்டும் என்கிறான். அப்படியே நடந்தது. இராவணனுக்குக் கடன் செய்ய விபீஷணன் தயங்கியதாகவும், பகை மரணத்தோடு முடிந்துவிட்டது, செய் என்று இராமன் சொன்னதாகவும் வான்மீகியில் வருகிறது. ஊர் முழுதும் செத்த பிறகு ஈமக்கடன் செய்ய ஒருவர் மிஞ்சுவது என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் ஒரே ஆள் நின்று பல பேருக்குப் பிண்டம் வைத்ததைக் கண்டிருக்கிறோம். அவர்களில் யாரையாவது, நீ மட்டும் ஏன் பிழைத்தாய் என்று கேட்போமா?

இவ்வளவு சொன்னாலும், அண்ணனின் படை இரகசியங்களை எதிரிக்குச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் துரோகி என்ற ஒரு சொல்லுக்குள் அவனை அடைத்துவிட முடியாது.

அடுத்தமுறை திருவரங்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். இராமன் கொடுத்த அரங்க விமானத்தை விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுவரும் வழியில் காவிரிக்கரையில் இறக்கிவைத்தான், அது அங்கேயே நின்றுவிட்டது என்பது தலவரலாறு. அவனுக்காகப் பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். "வடதிசை பின்பு காட்டித் தென்திசை இலங்கை நோக்கி" என்று தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாடியது இந்தக் கோலத்தைத்தான்.

அனுமன் இப்போதும் உயிரோடு இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்? நான் பார்க்கலாமா?
– ஆறாம் தர மாணவன், தெஹிவளை

இருக்கிறார், தம்பி. இராமன் கதையை இந்த உலகம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை இருக்க வேண்டும் என்று அவரே வரம் வாங்கியிருக்கிறார். அவருடைய ஆயுள் உங்கள் வாயிலும் இருக்கிறது. இன்றைக்கு வகுப்பில் நண்பனுக்கு இராமாயணக் கதை ஒன்றைச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு நாள் கூடும்.

எங்கே என்றால், இராமன் பெயரைப் பாடுகிற இடத்தில் எல்லாம், தலைமேல் கைகூப்பி, கண் நிறைய நீரோடு நிற்பாராம். கதை சொல்லுகிற இடத்தில் அவருக்காக ஒரு மணையை வெறுமையாகப் போட்டுவைப்பது வழக்கம். பார்க்கலாமா என்று கேட்டீர்களே, பீமனே முதலில் அவரை அடையாளம் காணவில்லை. பூப்பறிக்கப் போன வழியில் கிழக்குரங்கு ஒன்று வாலைப் போட்டுப் படுத்திருந்தது. வாலை நகர்த்தப் பார்த்து, முடியாமல் வியர்த்துப் போன பிறகுதான் தன் அண்ணன் என்று பீமனுக்குத் தெரிந்தது. அதனால் வழியில் படுத்திருக்கும் எந்தக் கிழ உயிரையும் காலால் தள்ளாதீர்கள்.

எல்லாச் சிரஞ்சீவிகளிலும் வயதில் மூத்தவர் யார்? எனக்கும் என் தகப்பனாருக்கும் பந்தயம்.
– மட்டக்குளி வாசகர்

இருவரும் யாரைச் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. நான் ஒரு ஆமையைச் சொல்வேன்.

பாரதத்தின் வனபருவத்தில் பாண்டவர்கள் மார்க்கண்டேயரிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர் சொன்ன கதை இது. இந்திரத்துய்மன் என்ற அரசன் செய்த புண்ணியத்தால் சுவர்க்கத்தில் இருந்தான். பூமியில் அவன் பெயரை எல்லோரும் மறந்துவிட்டதால் அங்கிருந்து கீழே விழுந்தான். நேரே மார்க்கண்டேயரிடம் வந்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டான். தெரியவில்லை. இமயத்தில் பிராவாரகர்ணன் என்ற ஆந்தை என்னைவிட மூத்தது, கேட்போம் என்று கூட்டிப்போனார். அதற்கும் தெரியவில்லை. ஆந்தை தன்னைவிட மூத்த நாடீஜங்கன் என்ற கொக்கைக் காட்டியது. கொக்குக்கும் தெரியவில்லை, ஆனால் அது வாழ்ந்த ஏரியில் அகூபாரன் என்ற ஆமை தன்னைவிட மூத்தது என்றது. கூப்பிட்டார்கள். கரையேறி வந்த ஆமை அரசனைப் பார்த்ததும் கண்கலங்கி, உடல் நடுங்கி, இவரை எனக்குத் தெரியாதா, இந்த ஏரியே இவர் தானம் கொடுத்த பசுக்கள் நடந்து நடந்து குழியானதால் உண்டானதல்லவா என்றது. அந்த நொடியில் வானத்திலிருந்து தேர் வந்துவிட்டது.

அரசன் உடனே ஏறிப் போய்விடவில்லை. கூட வந்த மார்க்கண்டேயரையும் ஆந்தையையும் அவரவர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போனான். பந்தயத்தில் தோற்றவர் வென்றவருக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு எண்பது வயதாகப் போகிறது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். எல்லோரும் வந்து என்னையும் மனைவியையும் திருக்கடவூருக்குக் கூட்டிப்போய் சதாபிஷேகம் செய்ய நிற்கிறார்கள். முழங்கால் நோ. கொழும்பிலேயே செய்தால் பலன் குறையுமா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை

ஐயா, வணக்கம். பலன் குறையாது.

திருக்கடவூருக்கு அந்தச் சிறப்பு மார்க்கண்டேயரால் வந்தது. அறிவில்லாத நீண்ட ஆயுட்பிள்ளையா, பதினாறே வயது வாழும் ஞானப்பிள்ளையா என்று கேட்டபோது மிருகண்டு முனிவர் இரண்டாவதைக் கேட்டுப் பெற்ற பிள்ளை. நாள் வந்ததும் இலிங்கத்தைக் கட்டிக்கொண்டான். கூற்றுவன் பாசக்கயிற்றை இலிங்கத்தோடு சேர்த்து வீச, இறைவன் காலால் உதைத்தார். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் அது ஒன்று. அமுதகுடமே அங்கே இலிங்கமானதால் அவருக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர். ஆனால் உதைத்த கால் அந்த ஊரில் மட்டும் இருப்பதில்லையே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவர் தூக்கிய திருவடியோடுதான் நிற்கிறார்.

"நூறு கோடி பிரமர்கள் நொங்கினார், ஆறு கோடி நாராயணர் அங்ஙனே" என்று தொடங்கி "ஈறி லாதவன் ஈசன் ஒருவனே" என்று முடிக்கிறார் அப்பர். சிரஞ்சீவிகளுக்கும் இதுதான் கணக்கு. அன்றைக்கு அந்தப் பதிகத்தை ஓதச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் முழங்கால் நோவை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விமானச் சீட்டுக்குப் போகும் பணத்தில் அவர்கள் கொழும்பில் உங்களோடு இன்னும் சில கிழமைகள் தங்கலாம். ஆயிரம் பிறை கண்ட உங்கள் இருவருக்கும் என் வணக்கம்.

ஏழு பேரில், எட்டுப் பேரில், ஒரு பெண்கூட இல்லையே. ஏன்?
– ஆசிரியை, கிருலப்பனை

அந்தச் சுலோகத்தில் இல்லை, உண்மைதான். எனக்கும் அது குறையாகவே படுகிறது. யமனோடு வாதாடி நானூறு ஆண்டு ஆயுள் வாங்கிய சாவித்திரி, அதைக் கணவனுக்காக வாங்கினாள்.

தமிழில் தேடினால் ஒருவர் இருக்கிறார், ஔவை. அதியமான் நெடுமான் அஞ்சி அரிதில் கிடைத்த நெல்லிக்கனியின் பயனை வெளியே சொல்லாமல், தான் உண்ணாமல், அவருக்குக் கொடுத்தான். "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையே சொல்கிறார். பிற்காலத்தில் ஔவை என்ற பெயரில் பாடியவர்கள் எல்லோரையும் சேர்த்து நம் மக்கள் ஒரே சாகாத பாட்டியாக்கிவிட்டார்கள். அந்தக் கனிதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நெல்லிக்கனியைக் கொடுத்தவன் போரில் செத்தான். உண்டவர் இருந்து, அவனுக்குக் கையறுநிலை என்னும் இரங்கற்பா பாடினார். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே, பெரியகட் பெறினே யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே" என்று தொடங்கும் 235ஆம் பாட்டு அது. கொஞ்சம் கள் கிடைத்தால் எனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து உண்பான், இனி அது இல்லையே என்று அழுகிறார். மாணவிகளுக்கு 91ஐயும் 235ஐயும் ஒரே நாளில், இதே வரிசையில் படிப்பியுங்கள். இடையில் வேறு பாட்டு வேண்டாம்.